வெளியே போகவிருந்த பந்து

பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை அப்படியே போக விட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

மதுரையில் ஒரு மைதானம். மாசி மாதத்து வெயில். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு மோதிக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்கள் கோலைப் பார்த்து ஓங்கி அடித்த பந்து குறி தப்பி, கம்பத்தை விட்டு நன்றாக விலகி, பின்கோட்டை நோக்கி உருண்டது.

எங்கள் கோல் கீப்பர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். கேப்டன் ஜெயராணி திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். எதிராளி அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டினால் அது நமக்கு. எடுத்து வைத்து நிதானமாக அடிக்கலாம். ஹாக்கி மட்டையைத் தொட்ட முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற சங்கதி இது.

நான் மட்டும் ஓடினேன். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மட்டையைத் தரையோடு படுக்க வைத்துப் பந்தை நிறுத்திவிட்டேன். என் வாழ்நாளில் அத்தனை சுத்தமாக நான் ஒரு பந்தை நிறுத்தியதில்லை. மண்ணில் சறுக்கி முட்டி தேய்ந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

ஏன் ஓடினேன் என்று சொல்ல வேண்டுமானால் மதுரையை விட்டுவிட்டுப் போடிக்குப் போக வேண்டும். போடியிலும் நிற்க முடியாது, மலை ஏற வேண்டும்.

காப்பிக் களம்

போன வாரம் விடுதி உப்புமாவைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு பழைய தோழி போனில் பிடித்துக்கொண்டாள். "உப்புமாவுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. ஹாக்கிக்கு எப்ப எழுதுவ? வயசாகலையா உனக்கு?" என்றாள். வயதான விஷயத்தை அவள் நினைவூட்டியிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டது நியாயம்தான்.

குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் கொஞ்சம் ஏலமும் இருந்தன. வீடு போடியில். ஊரில் 'எஸ்டேட்காரர்' என்று அய்யாவைக் கேலியும் பொறாமையுமாகச் சொல்வார்கள். அய்யா என்றால் என் அப்பா. அவர் அதை ஒரு நாளும் எஸ்டேட் என்று சொன்னதில்லை. "தோட்டத்துக்குப் போறேன்" என்பார். குரங்கணி வரை ஜீப்பு போகும், அதற்கு மேல் நடைதான்.

அந்தச் சரிவு முழுவதிலும் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காப்பிப் பழம் காயப் போடுகிற சிமெண்டுக் களம். மார்கழி, தை மாதங்களில் அதில் கால் வைக்க இடம் இருக்காது. சிவந்த பழங்கள் பரப்பிக் கிடக்கும். தோல் சுருங்கச் சுருங்க ஒரு புளித்த வாசம் வரும். இனிப்பும் உண்டு, கொஞ்சம் கெட்டுப்போன மாதிரியும் இருக்கும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரையில் களம் காலியாகிவிடும். அப்போது அது எனக்கும் அண்ணன் முருகேசனுக்கும் சொந்தம்.

அண்ணன் மதுரையில் கல்லூரியில் படித்தான். ஒரு கோடை விடுமுறைக்கு ஹாக்கி மட்டையும் வெள்ளைப் பந்துமாக வந்து இறங்கினான். குரங்கணி ஜீப்பில் அதைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே இது, பாம்படிக்கிற கம்பா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன் விளக்கம் சொல்ல ஆரம்பித்து, ஜீப்பு குரங்கணி சேர்வதற்குள் அவனே அலுத்துப்போய், "ஆமாண்ணே, பாம்புக்குத்தேன்" என்று முடித்துவிட்டான்.

மட்டை ஒன்றுதான். அது அவனுக்கு. எனக்குக் காப்பிச் செடியில் வளைந்த கிளை ஒன்றை வெட்டிக் கொடுத்தான். காப்பிக் கட்டை இரும்பு மாதிரி இருக்கும், உடையவே உடையாது. அவன் அடிப்பான், நான் நிறுத்துவேன். அதுதான் விளையாட்டு. இதில் நான் என்றைக்காவது அடிப்பேன் என்ற பேச்சே எழவில்லை.

சிமெண்டில் பந்துக்குப் பிடிமானமே கிடையாது. தொட்டால் போதும், வழுக்கிக்கொண்டு ஓடும். பல வருடம் கழித்து டெலிவிஷனில் வெள்ளைக்காரர்கள் பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டு ஹாக்கி ஆடுவதைக் காட்டினார்கள். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் "அட, நம்ம காப்பிக் களம்" என்றுதான் தோன்றியது.

களத்தின் ஓரத்துக்கு அப்பால் நேர் பள்ளம். கீழே ஏலத்தோட்டம். ஏலச்செடி நிழலில் வளர்கிற சாதி. உள்ளே எப்போதும் ஈரம், இருட்டு, இலைக்குப்பை. ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் அட்டைகள் கிளம்பிவிடும். பந்து அதற்குள் போனால் விட்டவள்தான் இறங்கித் தேட வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். விட்டவள் என்று சொன்னதைக் கவனியுங்கள், அடித்தவனுக்கு அதில் பங்கே கிடையாது. முழங்கால் வரை அட்டை ஏறி, அம்மாவிடம் போய்ச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு திட்டும் வாங்கிக்கொள்வேன்.

அட்டை பரவாயில்லை. பந்து கிடைக்காமல் போவதுதான் கொடுமை. ஒரு வருடம் விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாளே பந்து தொலைந்தது. அடுத்த பந்து மதுரையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கோடை முழுக்க நாங்கள் களத்தில் சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

அய்யா காப்பி மூட்டை அடுக்குகிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் பந்தை அடிக்கிற சத்தம் கேட்டால் போதும், தலை நிமிராமலே எனக்கு ஒரு குரல் கொடுப்பார்.

"ஆத்தா, விட்றாத!"

அவருக்கு ஹாக்கியில் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். எனக்கும்தான்.

அடிக்கத் தெரியாதவள்

அண்ணன் படிப்பை முடித்து வடக்கே ஒரு இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனான். மட்டையை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அவன் போனதிலிருந்து அய்யா வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. அடுத்த வருடம் நான் மதுரையில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஹாக்கி அணி அப்போதுதான் தலையெடுத்திருந்தது. பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள் என்றால் மைதானத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்து பார்க்க ஒரு கூட்டமே வரும். எஸ்தர் மிஸ்தான் பயிற்சியாளர். பாளையங்கோட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் விசில், குரல் மட்டும் மைதானத்தின் அந்த முனை வரை கேட்கும்.

முதல் நாள் என்னை அடிக்கச் சொன்னார். அடித்தேன். பந்து பத்தடி போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி அடிக்கச் சொன்னார். அது எட்டடியோடு நின்றது.

"நீ வீட்ல எதை வச்சு ஆடுன? துடைப்பத்தையா?" என்றார் மிஸ்.

கோவில்பட்டிக்காரி ஜெயராணிக்கு என் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் பிறந்தவர்களுக்கு ஹாக்கி தாய்ப்பாலோடு வருவது என்று அவளே சொல்லிக்கொள்வாள். "ஏட்டி, நிறுத்தவாவது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு பந்தை என்னைப் பார்த்து ஓங்கிச் சாட்டினாள். நிறுத்தினேன். இன்னொன்று சாட்டினாள். இடது பக்கம், வலது பக்கம், காலுக்கு நேராக, மண்ணில் எகிறி வருகிற மாதிரி என்று விதவிதமாக அடித்துப் பார்த்தாள். கடைசியில் அவள் பாவாடைதான் வியர்வையில் நனைந்து போனது.

எஸ்தர் மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இவளுக்கு அடிக்க வராது. ஆனா இவளைத் தாண்டிப் பந்து போகாது. கோலுக்கு முன்னாடி ஃபுல் பேக்ல நிறுத்துங்க" என்றார். கல்லூரி அணியில் நான் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

அரைப் பாவாடை

ஹாக்கி ஆட அரைப் பாவாடை கட்ட வேண்டும். முழங்காலுக்கு மேல் நிற்கும். நான் அதன் மடிப்பைப் பிரித்து விட்டு ஒரு சாண் நீளமாக்கித் தைத்துக்கொண்டேன். மிஸ் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா போற?" என்றார். அப்படியும் மறுபடி மடித்துத் தைக்க மாட்டேன் என்று சாதித்துவிட்டேன்.

நீளமாக்கியும் பயனில்லை. போடிக்காரர் யாரோ மதுரை பஸ் நிலையத்தில் எங்கள் அணியைப் பார்த்துவிட்டார். கையில் மட்டை, முட்டி தெரிகிற பாவாடை, கூட்டமாகச் சிரிப்பு. என் மாமாவின் காதுக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஊரில் நடக்கிற நல்லதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் வந்து சொல்லுகிற பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டப் புள்ள கம்பத் தூக்கிட்டு ஊரு ஊராத் திரியிது. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றாராம். அம்மா அழுதாளாம்.

பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தபோது அய்யா என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"படிச்சது போதும், ஆத்தா. உங்கண்ணன் போனான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டுறான். நீயாச்சும் வீட்ல இரு."

"இன்னும் ஒரு வருசந்தேன்யா இருக்கு. முடிச்சிட்டு வந்துர்றேன்."

"ஊரு பேசுது."

"நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்கய்யா. மாசில ஒரு மேட்ச்சு இருக்கு. பாத்துட்டு, வேணாம்னா வேணாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வர்றேன். பெட்டியக் கட்டி வச்சிரு. மேட்ச்சு முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா வந்துருவோம்" என்றார். பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. முடிவை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வருகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அதனால் அந்த மாசி மாத ஆட்டம் எனக்கு வெறும் ஆட்டம் இல்லை. அன்றோடு படிப்பும் முடிகிறது, ஹாக்கியும் முடிகிறது. அவர் மனதை மாற்ற என் கையில் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். காலையிலேயே துணிமணியை எல்லாம் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனேன்.

ஒரு குரல்

அய்யா போடி ரயிலில் வந்து இறங்கியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கல்லூரிப் பெண்களும் சுவரேறிகளும் நிறைந்த கூட்டத்தில், எங்கள் கோலுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் பாவாடையைக் கீழே இழுத்து விடத் தோன்றும்.

அன்று நான் நன்றாக ஆடினேன். இதில் அடக்கம் காட்டப் போவதில்லை. எத்தனையோ பந்துகள் வந்தன, எல்லாவற்றையும் நிறுத்தி ஜெயராணிக்குத் தள்ளிவிட்டேன். இடைவேளையில் எஸ்தர் மிஸ் எனக்கு மட்டும் எலுமிச்சைத் துண்டு இரண்டு கொடுத்தார்.

பிறகுதான் அந்தப் பந்து. முதலில் சொன்னேனே, கோலை விட்டு விலகி வெளியே போய்க்கொண்டிருந்தது என்று, அதுதான். எல்லோரும் ஆட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். என் காலும் ஒரு விநாடி தயங்கியது. அது எங்கள் பந்து என்று எனக்கும் தெரியும்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆத்தா, விட்றாத!"

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. கோடு தெரியவில்லை. பள்ளம்தான் தெரிந்தது.

நிறுத்திய பந்து என் மட்டையில் ஒட்டி நின்றது. நான் கோட்டோரத்தில் மண்ணில் கிடந்தேன். விசில் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். விசில் எப்படி வரும்? பந்துதான் வெளியே போகவில்லையே. எதிரணிப் பெண் ஒருத்தி ஓடி வந்து என் மட்டையிலிருந்து பந்தைக் கிள்ளி எடுத்தாள். இடுப்பில் கை வைத்து நின்ற எங்கள் கோல் கீப்பர் கையை எடுப்பதற்குள் பந்து கோலுக்குள் கிடந்தது.

அதோடு ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

ஜெயராணி என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? அது நம்ம பந்து! சும்மா நின்னுருந்தாப் போதும்!"

எங்கள் அய்யா கத்தினார், அதனால் ஓடினேன் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். சிரித்தாலும் சிரிப்பார்கள். மலையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகள் ஆடுவதைப் பார்க்க வந்த மனிதரை அப்படிப் பார்க்க விடுவதற்குக் கிறுக்கு என்ற பெயரே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன். எஸ்தர் மிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பெட்டியோடு வாசலில்

விடுதிக்குப் போய் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அய்யா வரத் தாமதமானது. வாசல் வேப்பமரத்தடியில் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டிக் காயத்தில் புடவை ஒட்டி ஒட்டிப் பிடுங்கியது.

வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டி எதுக்கு?"

"நீங்கதானய்யா கட்டி வைக்கச் சொன்னீங்க."

"அதுக்கென்ன இப்ப. பரீச்ச இருக்குல்ல? எழுது. அந்த ஒரு வருசத்தயும் முடி. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, வெரசாப் போகணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். அம்மா கொடுத்துவிட்ட அதிரசம். கசங்கிப்போயிருந்தது.

"நல்லா ஆடுன, ஆத்தா. அம்புட்டுப் பேருல நீ ஒருத்திதேன் பந்த விடல பாரு" என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அப்போதுதான் எனக்கு வெளிச்சமானது. அய்யாவுக்கு ஆட்டம் புரியவில்லை. நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார். தோற்றுப்போன ஆட்டத்துக்கு எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதிரசத்தைத் தின்றுகொண்டே அழுதேன். சிரிப்பும் வந்தது.

நிற்கப் பழகியது

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால் எஸ்தர் மிஸ் ஒரு புது வைத்தியத்தோடு காத்திருந்தார். என்னைப் பின்கோட்டில் நிறுத்தினார். மட்டையைப் பிடுங்கிக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு பந்துகளை ஒவ்வொன்றாக என் பக்கத்தில் வெளியே உருட்டிவிட்டார்.

"நில்லு. அசையாதே. போகட்டும்."

கால் துடிக்கும். உள்ளங்கால் அரிக்கும். ஒன்றிரண்டு தடவை பாய்ந்தும்விட்டேன். மிஸ் பந்தை எடுத்துவந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க நான் மட்டும் சிலை மாதிரி நிற்பேன். தோற்கடித்ததற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். தண்டனையை மறுக்கிற நிலையிலும் நான் இல்லை.

ஊரில் வேறு கூத்து நடந்தது. அய்யா டீக்கடையில், ஏலக்காய் ஏலத்துக்குப் போகிற இடத்தில், போடிமெட்டு ஜீப்பில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் மக ஒரு பந்தப் புடிச்சா பாருங்க. வேற ஒருத்தியும் ஓடல, இவ ஓடுனா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமாவால் அதற்குமேல் பாவாடையைப் பற்றி வாயைத் திறக்க முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் தரையைப் பார்த்துக்கொள்வேன். அவருடைய சந்தோஷத்தைத் திருத்துகிற மனசு எனக்கு வரவில்லை. தப்பாகக் கிடைத்த அனுமதியை நன்றாக ஆடிச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

அடுத்த வருடம் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது. வடக்கே ஆடப் போனோம். அந்தக் குளிரில் விரல்கள் மரத்து, மட்டையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது. அங்கேதான் ஓங்கி அடிக்கவும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் விளையாட்டு ஆசிரியைப் பயிற்சி, தேனிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை, சின்னமனூர் மாப்பிள்ளை. ஹாக்கியை விட மாட்டேன் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். அவரும் தாராளமாகச் சம்மதித்தார். அவருக்கு ஹாக்கிக்கும் கபடிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

பள்ளியில் ஒரு அணி சேர்த்தேன். பொட்டிபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள். வெறுங்காலோடு ஓடுவார்கள், மூச்சு வாங்காது.

எஸ்தர் மிஸ் சொன்னது

எண்பதுகளில் ஒரு கோடைக்கு முன்னால், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு போட்டிக்காக மதுரைக்கு வந்தேன். அதே மைதானம். எஸ்தர் மிஸ் ஓய்வு பெற்றிருந்தார், பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலை நரைத்திருந்தது, கழுத்தில் விசில் இல்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு பேரும் பந்தலில் உட்கார்ந்தோம்.

"அப்பா சௌக்கியமா?" என்று கேட்டார்.

"போன ஐப்பசியில போயிட்டாரு, மிஸ்."

மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா சொல்லலாம்னு நினைக்கிறேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. இத்தனை வருஷம் நானும் சொல்லல" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நாம தோத்தோமே, உன்னை அணியை விட்டு எடுத்துர்றதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவ்வளவு கோபம். நீங்க எல்லாரும் விடுதிக்குப் போன பிறகு உங்க அப்பா வந்தாரு. செருப்பை வெளியிலேயே விட்டுட்டு மைதானத்துக்குள்ள வந்தாரு. ஏன் கழட்டுனாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். காப்பிக் களத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள்.

"'டீச்சரம்மா, கத்துனது நாந்தேன்'னாரு. 'விட்டுருந்தா உங்க பந்துதேன், ஏன்யா கத்துனன்னு பக்கத்துல நின்ன ஆளு ஏசிட்டாரு. எங்க களத்துல பந்து கீழ போனாக் கெடைக்காது, அந்த நெனப்புல கத்திட்டேன். புள்ள மேல தப்பில்ல. அது எஞ் சொல்லுக்குத்தேன் ஓடுச்சு. எம் பேரச் சொல்லாம நின்னு ஏச்சு வாங்கிக்கிருச்சு'ன்னாரு."

அவருக்கு ஆட்டம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் தரையைப் பார்த்த நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. தோற்றது தெரிந்தேதான் ஊரெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். என் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். எதிரே அவர்கள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் என் கையை விடவில்லை.

"'கூட்டிட்டுப் போகத்தேன் வந்தேன். இப்பக் கூட்டிட்டுப் போக மாட்டேன், நீங்களே வச்சுக்கங்க'ன்னாரு. வாசல் வரைக்கும் போனவரு திரும்பி வந்தாரு. 'ஒண்ணே ஒண்ணு, டீச்சரம்மா. எம் பேச்சக் கேக்காம ஆட மட்டும் அதப் பழக்கி விட்ருங்க'ன்னாரு."